கயிற்றின் கடைசி ஆள்

கயிற்றில் எட்டுப் பேர் நின்றோம்.

முதலாவது, எங்கள் ஃபக்டரியின் லீட் ஹாண்ட். ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன். யாழ்ப்பாணத்தான், வயது முப்பத்தைந்து இருக்கும். அன்றைக்கு அவனுடைய ஊர்ச் சங்கத்துக்காகத்தான் இழுத்தோம். இரண்டாவது, டோனட் கடையில் மாக் குழைப்பவன். மொத்தமான கை. மூன்றாவதும் நான்காவதும் அண்ணன் தம்பி. கார் கழுவும் இடத்தில் வேலை. ஐந்தாவது, டாக்ஸி ஓடுபவன். செருப்போடு வந்து நின்றான். ஆறாவது, ஜெர்மனியிலிருந்து புதிதாக வந்தவன். இன்னும் யாருடனும் பேசத் தொடங்கவில்லை. ஏழாவது, மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், இங்கே ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். நானும் அவரும் ஒரே அறை. எட்டாவது நான். எனக்குப் பின்னால் புல்.

எண்பத்தேழு கோடை. ஸ்காபரோவில் ஒரு பார்க். இரண்டு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து பிக்னிக் வைத்திருந்தார்கள். பெண்களுக்குக் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டம் முடிந்திருந்தது. கடைசியாகக் கயிறிழுத்தல். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தானாம். இங்கே வந்தும் அவர்கள் அந்த வாய்க்காலைக் கடக்கவில்லை.

நான் இரண்டு ஊரும் இல்லை. மட்டக்களப்புப் பக்கம். இரவல் ஆள். இழுக்காவிட்டால் எனக்கு வேலை போகும். வேலை போனால் என் மனைவியும் மகளும் வர முடியாது. இழுத்தால் என் கழுத்துப் போகலாம். என் நிலை இதுதான்.

எப்படி அங்கே வந்து நின்றேன் என்று சொல்கிறேன்.

நான் அதிகம் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பு. உயரம் இருந்தது. உயரத்துக்காகப் பொலிஸில் எடுத்தார்கள். கொழும்பில் போட்டார்கள். ஒருநாள் மழையில் ஜீப் ஒன்று சேற்றில் புதைந்துவிட்டது. நாலு பேர் தள்ளியும் வரவில்லை. நான் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தேன். வந்தது. இதைப் பார்த்துக்கொண்டு நின்ற சார்ஜன்ட், பொலிஸ் ரக்பி அணியைப் பார்ப்பவர். அடுத்த நாள் என்னை மைதானத்துக்கு வரச் சொன்னார். ரக்பி என்றால் என்னவென்று நான் கேள்விப்பட்டதும் இல்லை.

எனக்கு அளவான பூட்ஸ் இல்லை. முதல் மூன்று மாதம் வெறும் காலோடு விளையாடினேன். பிறகு செருப்புத் தைக்கிற ஒருவர் ஒரு சோடி செய்து தந்தார். ஒன்றில் ஆணி உள்ளே குத்தும். அதோடேயே ஒரு வருடம் விளையாடினேன்.

ரக்பியில் எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து குனிந்து, எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரை முட்டித் தள்ள வேண்டும். மாடு முட்டுகிற மாதிரி. அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். நான் இரண்டாம் வரிசை. இரண்டாம் வரிசையில் இரண்டு பேர். முன்னால் நிற்கிறவர்களின் இடுப்புகளுக்கு நடுவே தலையைக் கொடுத்துவிட்டுத் தள்ளவேண்டும். ஒன்றும் தெரியாது. புல் தெரியும், ஆட்களின் பூட்ஸ் தெரியும். காது உரசி உரசிச் சுருண்டுபோகும். பிளாஸ்டர் சுற்றினாலும் போகும். என் காதுகள் இன்றைக்கும் அவித்த பூக்கோசு மாதிரித்தான்.

என் பக்கத்தில் தள்ளியவன் சிங்களவன். ரெயில்வேயில் வேலை. பொலிஸ் அணியில் இல்லை, நாட்டு அணியில்தான் சந்தித்தோம். ஓம், நாட்டு அணிக்கும் எடுத்தார்கள். அறுபதுகளின் நடுவில். மற்றவர்கள் எல்லாம் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். இங்கிலிஷில்தான் கத்துவார்கள். எப்போது தள்ள வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் இங்கிலிஷில் ஒரு சொல். எனக்குப் பிடிபடவில்லை. ரெயில்வேக்காரன் அதைக் கண்டுபிடித்தான். அவனுடைய கை என் முதுகைச் சுற்றி என் விலாவில் இருக்கும். ஒரு தட்டு என்றால் பொறு. இரண்டு தட்டு என்றால் தள்ளு. அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. நாலு வருடம் அப்படித்தான் விளையாடினோம்.

வெளிநாட்டுக்கும் போனோம். பஸ்ஸில் நான் பேசாமல் இருப்பேன். விருந்தில் அவன் எந்தக் கரண்டியை எடுக்கிறான் என்று பார்த்து அதையே எடுப்பேன்.

நாட்டுக்காக ஏழு ஆட்டம் விளையாடினேன். ஏழாவதில் ஸ்க்ரம் உடைந்து விழுந்தது. எல்லாரும் என் மேல். கழுத்தில் ஒரு சத்தம். காய்ந்த தடியை முறித்தது போல. எழும்பினேன். வலது கை என்னுடையது இல்லை.

ரக்பியில் ஒரு அணிக்குப் பதினைந்து பேர். அந்தக் காலத்தில் மாற்று ஆள் கிடையாது. காயம் என்று ஒருவன் வெளியே போனால் போனதுதான். மற்றவர்கள் பதினான்கு பேராக விளையாட வேண்டும். கப்டன் வந்து முகத்தைப் பார்த்தார். “கேன் யூ?” என்றார். அந்தளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும். தலையை ஆட்டக்கூட முடியவில்லை. “யெஸ்” என்றேன். முடியும் வரைக்கும் நின்றேன். தோற்றோம். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு பேராக விட்டுவிட்டு வரவில்லை என்பது மட்டும் மனதில் இருந்தது. பிறகு வந்த வருடங்களில், எது போனாலும், அதைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

மனைவிக்குத் தெரியும். கல்யாணம் முடித்த அடுத்த கிழமை, சேர்ட் பொத்தானைப் போட முடியாமல் நான் நின்றதைப் பார்த்தாள். வந்து போட்டுவிட்டாள். அதிலிருந்து தினமும் அவள்தான் போட்டாள்.

எண்பத்து மூன்றில் பொலிஸை விட்டுப் பல வருடம். கொழும்பில் ஒரு ஸ்டோருக்குக் காவல். ஆடி மாதம் எங்கள் வீட்டை எரித்தார்கள். எரித்தவர்களில் ஒருவரும் என்னை அடையாளம் காணவில்லை. நாட்டுக்காக விளையாடினவன் என்று நானும் சொல்லவில்லை. ரெயில்வேக்காரன் அப்போது எங்கே இருந்தான் என்று தெரியாது. நான் ஏஜென்சி பிடித்துக் கனடா வந்தேன். மனைவியும் மகளும் கொஞ்சக் காலம் ஊரில் இருந்தார்கள். பிறகு கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்துக் காத்திருந்தார்கள்.

ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மெண்டில் ஆறு பேர். மனைவி ஒருமுறை யாரோ வந்த கையில் ஊறுகாயும் ஒரு படமும் கொடுத்துவிட்டிருந்தாள். ஏழாவது ஆட்டத்துக்கு முன் எடுத்த படம். நான் கோடு போட்ட சொக்ஸோடு பின்வரிசையில் நிற்கிறேன். வீட்டை எரித்தபோது அது அவளுடைய அக்கா வீட்டில் இருந்ததால் தப்பியது.

படம் கைக்குக் கை போனது.

“உது என்ன அண்ணை பந்து? ஆரோ ஏறி இருந்த மாதிரிக் கிடக்கு.”

“றக்பிப் பந்து. அப்பிடித்தான் இருக்கும்.”

“உதை என்ன செய்யிறது?”

“கையில எடுத்துக்கொண்டு ஓடுறது. ஆனா முன்னுக்கு எறியேலா. பின்னுக்குத்தான் எறியலாம்.”

“பின்னுக்கு எறிஞ்சு எறிஞ்சு எப்பிடி அண்ணை முன்னுக்குப் போறது?”

மாஸ்ரர் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார்: “நாங்கள் கனடாவுக்கு வந்த மாதிரித்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாளே கதை ஃபக்டரிக்குப் போய்விட்டது. அங்கே இன்னும் பெரிதாகிவிட்டது. நாட்டுக்காக விளையாடின ஆள், எட்டுப் பேரைத் தனியத் தள்ளுவார் என்று.

ஃபக்டரி மில்லிக்கன் பக்கம். டைல்ஸ் பெட்டி அடுக்குகிற வேலை. பெல்டில் வரும். எடுத்து, ஸ்கிட் என்கிற மரத்தட்டில் அடுக்க வேண்டும். பாரமான பெட்டி. விழுந்தால் மறைக்க முடியாது. உடைகிற சத்தம் ஃபக்டரி முழுக்கக் கேட்கும்.

முதல் இரண்டு வருடம் சமாளித்தேன். இடது கையால் தாங்கி, வலதை வெறுமனே முட்டுக் கொடுத்து, வயிற்றோடு அணைத்துத் தூக்குவேன். பிறகு இடது கையிலும் இரண்டு விரல் மரத்தது. கழுத்தைத் திருப்பினால் கரண்ட் அடித்தது போல முழங்கை வரைக்கும் ஓடும். மாஸ்ரரைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். மொழிபெயர்க்க.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்து நிறையப் பேசினார். மாஸ்ரர் கொஞ்சம்தான் சொன்னார்.

“கழுத்தெலும்பு பழைய முறிவாம். நரம்பை நெரிக்குதாம். பாரம் தூக்கக் கூடாதாம்.”

“எப்ப இருந்து?”

“இண்டையில இருந்து.”

“தூக்கினா?”

மாஸ்ரர் டாக்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒரு இழுவை, ஒரு விழுகை போதுமாம் அண்ணை. கழுத்துக்குக் கீழ ஒண்டும் வேலை செய்யாமப் போகலாமாம்.”

“சரி” என்றேன்.

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். வேறு வழி இல்லை. மனைவி, மகளைக் கூப்பிடுகிற அலுவல் முக்கால்வாசி முடிந்திருந்தது. லோயர் சொன்னது இதுதான்: அவர்கள் வந்து இறங்கும் வரைக்கும் நான் வேலையில் இருக்கவேண்டும். இமிகிரேஷனில் இருந்து எந்த நேரமும் ஃபக்டரிக்குப் போன் பண்ணிக் கேட்பார்கள். ஆள் வேலையில் இல்லை என்று ஒரு சொல் போனால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து. முதலில் இருந்து என்றால் எத்தனை வருடம் என்று அவருக்கும் தெரியவில்லை. மகளுக்குப் பதினேழு. வெள்ளவத்தையில் அறைக்காரன் அறையை விட்டு எழும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். தெருவில் பொலிஸ் பிடித்துப் பிடித்து அடையாள அட்டை கேட்கிற காலம். மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக்காரன் வீட்டுக்குப் போன் எடுப்பேன்.

“கழுத்து எப்பிடி?” என்பாள்.

“இருக்கு புள்ள.”

“ஆரு பொத்தான் போடுற?”

“இஞ்ச எல்லாரும் ரீசேர்ட்தான்.”

நிமிடத்துக்குக் காசு ஏறும். அவள் மகளிடம் போனைக் கொடுப்பாள்.

ஒருநாள் ஒரு பெட்டி விழுந்தது. அதே கிழமை இன்னொன்று. சத்தம் கேட்டு லீட் ஹாண்ட் வந்தான். உடைந்ததைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மேலே ஒபிஸில் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக்கார மனேஜர் எழும்பி நின்றார்.

“என்ன அண்ணை, நித்திரையே?”

“வழுக்கிப்போட்டு தம்பி.”

“மூண்டாவது விழுந்தால் நான் ஒண்டும் செய்யேலாது, வேலை போகும். லே ஓஃப்தான்.”

“விழாது.”

அவன் போகத் திரும்பினான். பிறகு நின்றான். முகம் மாறியது. சிரிப்பு வந்தது.

“அண்ணை, வாற ஞாயிறு எங்கட பிக்னிக். கயிறிழுக்கிறம். போன வருசம் மற்ற ஊர்க்காரர் எங்களை நாய் மாதிரி இழுத்துக்கொண்டு போனவங்கள். ஒரு வருசமா அவங்கட நக்கலுக்குப் பிளாசாவில தேத்தண்ணி குடிக்கேலாது. கடைசி ஆளா நீங்கள் நிண்டால் போதும்.”

“எனக்கு வயசு போயிட்டு தம்பி.”

“உங்கட வயசில உந்த உடம்பு ஆரிட்ட இருக்கு? வாங்கோ. நீங்கள் கயிறைப் பிடியுங்கோ. நான் உடைஞ்சதைப் பாக்கேல்லை.”

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் கண் பகிடி விடவில்லை. கழுத்து ஏலாது என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏலாத ஆளை ஏன் டைல்ஸ் தூக்க வைத்திருக்கிறான் என்ற கேள்வி வரும். அதுவும் லே ஓஃப்தான்.

“வாறன்” என்றேன்.

இப்படித்தான் கயிற்றின் கடைசியில் நின்றேன்.

கடைசி ஆள் கயிற்றைக் கையால் மட்டும் பிடிப்பதில்லை. கக்கத்துக்குக் கீழே எடுத்து, முதுகால் சுற்றி, மற்றத் தோளுக்கு மேலால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். முழுப் பாரமும் அவனுடைய தோளிலும் கழுத்திலும். சுற்றிவிட்டது மாஸ்ரர்தான்.

“அண்ணை, நான் கடைசிக்கு வாறன். நீங்கள் என்ர இடத்தில நில்லுங்கோ.”

“நீங்க நூறு றாத்தலும் வராது மாஸ்ரர். காத்தாடி மாதிரிப் போவீங்க.”

“உங்களுக்கு விசரே? டாக்டர் சொன்னதை நான் ஒழுங்காத்தானே சொன்னனான்?”

“ஒழுங்காத்தான் சொன்னீங்க. முன்னுக்குப் பாருங்க.”

மூன்று இழுவை. இரண்டு வென்றவர் வென்றவர்.

முதல் இழுவை வென்றோம். குதியைப் புல்லுக்குள் புதைத்துவிட்டுப் பின்னால் சாய்ந்தேன். சாய்வு உடம்புக்குத் தெரியும். தள்ளுகிறதும் இழுக்கிறதும் காலால்தான். மெல்ல மெல்ல அவர்கள் வந்தார்கள். சனம் ஆர்ப்பரித்தது. மைக்கில் ஒருவர், “மட்டக்களப்பு யானை! மட்டக்களப்பு யானை!” என்று கத்தினார். லீட் ஹாண்ட் ஓடி வந்து கன்னத்தில் கொஞ்சினான். அவனுடைய கை தோளில் பட்டது தெரிந்தது. வலது கையில் பட்டது தெரியவில்லை.

இரண்டாவது தோற்றோம். டாக்ஸிக்காரனின் செருப்பு வழுக்கி அவன் விழ, பின்னால் மூன்று பேரும் சரிந்தோம். சரிந்தபோது கழுத்தில் அந்தக் கரண்ட் ஓடியது. இந்த முறை முழங்கையோடு நிற்கவில்லை. முதுகால் இறங்கியது.

லீட் ஹாண்ட் டாக்ஸிக்காரனைப் பேசினான். “உனக்குச் சப்பாத்து வாங்கக் காசில்லையோடா? மீற்றர் என்ன தண்ணியே ஓடுது?” பிறகு என்னிடம் வந்து காதுக்குள் சொன்னான்: “அண்ணை, கதைச்ச கதை ஞாபகம்தானே?”

“ஞாபகம்.”

மூன்றாவது இழுவை. விசில் ஊதியது. கயிறு இறுகியது. ஒரு பக்கமும் அசையவில்லை. நடுவில் கட்டிய சிவப்புத் துணி காற்றில் மட்டும் ஆடியது. எட்டுப் பேர் அந்தப் பக்கம், எட்டுப் பேர் இந்தப் பக்கம். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஸ்க்ரம்மிலும் இப்படி ஒரு நேரம் வரும். இரண்டு பக்கமும் சரிசமனாகப் பூட்டுப்பட்டு நிற்கும். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் நடக்காதது போல இருக்கும்.

அப்போது என் இடது காலைக் காணவில்லை.

குனிந்து பார்த்தேன். கால் இருந்தது. சப்பாத்துப் புல்லுக்குள் இருந்தது. ஆனால் எனக்குத் தெரியவில்லை. கை போனது பழகிவிட்டது. கால் போனது அதுதான் முதல்முறை. இந்த இழுவை முடியும்போது நான் எழும்பமாட்டேன் என்று விளங்கியது. அவள் விமானத்தால் வந்து இறங்கி ஆஸ்பத்திரிக்கு வருவாள். பொத்தான் போடுவதற்கு மட்டும் இல்லை. சோறு ஊட்ட. புரட்டிப் படுக்க வைக்க. மகளும் மற்றப் பக்கம் பிடிப்பாள். அதற்குத்தான் இருவரையும் கூப்பிடுகிறேனா?

விடுவது எனக்குப் பழக்கம் இல்லை. ஏழாவது ஆட்டம் ஞாபகம் வந்தது. அதன் கடைசிப் பகுதி. ஸ்க்ரம்மில் குனிகிறோம். ரெயில்வேக்காரனின் கை என் விலாவில் இருக்கிறது. அவன் இரண்டு தரம் தட்டியிருப்பான். எனக்குத் தெரியவில்லை. நான் தள்ளவில்லை. தள்ள உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் எங்கள் பக்கம் பின்னால் போகவில்லை. ஏன் போகவில்லை? இருபது வருடமாக நான் அதை யோசிக்கவில்லை. அந்தப் புல்லில் நின்றபோதுதான் யோசித்தேன். என் பக்கத்தையும் அவன் தள்ளியிருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் அவன் வாந்தி எடுத்தது ஞாபகம் வந்தது. வெயில் என்று சொன்னான்.

“மாஸ்ரர், நான் விடுறன்” என்றேன்.

அவர் திரும்பவில்லை. “விடுங்கோ அண்ணை. விடுங்கோ” என்றார்.

தலையைக் குனிந்து கயிற்றை விட்டு வெளியே வந்தேன். வந்தேன் என்று சொல்லக் கூடாது. விழுந்தேன். மல்லாக்க. வானம் தெரிந்தது. மற்ற ஏழு பேரும் கொஞ்ச நேரம் நின்றார்கள். மாக் குழைப்பவன் அம்மா என்று கத்தினான். பிறகு ஒருவர் மேல் ஒருவராக இழுபட்டுப் போனார்கள். மற்ற ஊர்க்காரர் துள்ளினார்கள். மைக்கில், “யானை படுத்திட்டுது!” என்றார்கள். சனம் சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கும்.

லீட் ஹாண்ட் வந்து மேலே நின்றான். முகம் முழுக்கப் புல்.

“றக்பியாம்! நாடாம்! அவங்கள் இழுத்து விழுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நீங்களா விட்டனீங்கள். நான் பாத்தனான்.”

மாஸ்ரர் என் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தேய்ப்பது தெரிய எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டார்கள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நடக்க முடிந்தது. லீட் ஹாண்ட் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடைவேளையில் பாரம் ஏற்றும் கதவடியில் நின்று சிகரெட் பிடித்தான். நான் போனேன்.

“தம்பி.”

“என்ன?”

“கழுத்து முறிஞ்சது. பழைய முறிவு. கை ரெண்டும் வேலை செய்யிறல்ல. நேத்துக் காலும் போனது. அதான் விட்ட நான்.”

யாரிடமும் இதை இப்படி ஒரே மூச்சில் சொன்னதில்லை. அவன் நம்பவில்லை. சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

“என்ர கையைப் பிடியுங்கோ. உள்ள பெலம் முழுக்கப் பிடியுங்கோ.”

பிடித்தேன். பல்லைக் கடித்தேன். கழுத்து நரம்பு புடைத்தது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“பிடியுங்கோ அண்ணை.”

“பிடிச்சிருக்கன் தம்பி.”

அவன் குனிந்து கையைப் பார்த்தான். சிகரெட் சாம்பல் விழுந்தது.

“உதை முதலே சொல்லியிருக்கலாமெல்லே?”

“சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்க?”

யோசித்தான். பொய் சொல்லவில்லை. “லே ஓஃப் பண்ணியிருப்பன்.”

“இப்ப?”

“மனிசி எப்ப வருது?”

“புரட்டாசியில எண்டு சொல்றாங்க.”

அவன் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். எனக்கா, கனடாவுக்கா, தெரியவில்லை. “அவை வந்து இறங்கிற வரைக்கும். பிறகு ஒரு நாளும் கூட இல்லை. பெட்டி விழுந்து நாலு பேரின்ர கால் போனால் நான் ஜெயிலுக்குப் போகேலாது.”

என்னைப் பெல்டின் கடைசிக்கு மாற்றினான். நான் பெல்டடியில் நின்று பெட்டியைத் தொடுவேன். தூக்குகிறது அவன். லீட் ஹாண்ட் தூக்கத் தேவையில்லை. மனேஜர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தால், அவன் எனக்கு வேலை காட்டிக் கொடுக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாளும் பேசிப் பேசித்தான் தூக்கினான். “என்ர ஊர் தோத்தது உங்களாலை. இப்ப உங்கட பெட்டியும் நான் தூக்கிறன். நல்ல யாவாரம்.” எனக்கு வெட்கமாக இருந்தது. முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு நின்றேன். ஆவணி முழுக்கப் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நான் ஒபிஸ் கண்ணாடியைப் பார்ப்பேன். அவனும் பார்ப்பான்.

ஒருமுறை இமிகிரேஷன்காரன் எடுத்தான். மனேஜர் கீழே வந்து லீட் ஹாண்டைக் கேட்டார், இந்த ஆள் எப்படி என்று. அவன் சொன்னதை மாஸ்ரருக்கு நான் ஒலியாகச் சொல்லிக் காட்டி அர்த்தம் கேட்டேன். மாஸ்ரர் சொன்னார்: “பெலமான ஆள் எண்டு சொல்லியிருக்கிறான்.”

புரட்டாசியில் வந்தார்கள். ஒரு வியாழக்கிழமை. எயார்போர்ட்டில் மகள் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம் குறைவு. நான் விட்டுவந்தபோது நெஞ்சளவு இருந்தவள். பெட்டியை எடுக்கக் கையை நீட்டினேன். மனைவி என் கையைப் பார்த்தாள். பெட்டியைத் தானே எடுத்தாள்.

திங்கட்கிழமை லீட் ஹாண்ட் என்னை நிறுத்தினான். சொன்னபடி. பேப்பரைக் கையில் தந்துவிட்டு, “அண்ணை, கோவிக்காதேங்கோ” என்றான். கோபம் இல்லை. பிறகு எனக்கு வேலை கிடைக்கவில்லை. டாக்டர் கழுத்தை வெட்டி ஒப்பரேஷன் செய்தார். நடக்கிற கால் நடந்தபடி இருக்கும், கை திரும்பி வராது என்றார். மனைவி ஒபிஸ் கட்டடங்களில் கூட்டித் துடைக்கப் போனாள். போகமுன் என் பொத்தானைப் போட்டுவிட்டுப் போவாள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டோனட் கடைக்கு வேலைக்குப் போனாள். நான் வீட்டில் இருந்தேன். ஜன்னலால் பஸ் பார்த்தேன். அப்படி ஒரு குளிர்காலம் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒரு பின்னேரம் மகள் அந்தப் படத்தைச் சுவரில் மாட்ட எடுத்தாள். வேலைக்குப் போகமுன். துடைத்துவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

“எது வாப்பா, எந்த ஆட்டம்?” என்று கேட்க வந்து, சிரித்துவிட்டுத் திருத்தினாள். எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளைகளோடு வளர்ந்தவள், சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். “எந்த ஆட்டம் அப்பா?”

“கடைசி ஆட்டம்.”

“வெண்டதா?”

“இல்ல.”

படத்தில் விரல் வைத்து ஆட்களை எண்ணினாள். முன்வரிசை, பின்வரிசை. என்னில் விரல் வந்து நின்றது. படத்தில் எனக்குப் பக்கத்தில் ரெயில்வேக்காரன். அவனுடைய கை என் முதுகுக்குப் பின்னால்.

“இதில பதினஞ்சு பேர் நிக்கிறீங்க. பதினஞ்சு பேரா விளையாடின?”

மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

“பதினாலு.”